அமெரிக்காவில் பியூட்டிஷியன் லைசென்ஸ் வாங்குவது எப்படி: விசாவிலிருந்து புதுப்பித்தல் வரை

ஊரில் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்து, பார்லரில் கை பழகி, பிறகு அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த ஸ்கூலில் சேரலாம்?" என்றுதான். அதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். உங்கள் விசாவில் சம்பாதிக்க அனுமதி இருக்கிறதா? எந்த மாநிலத்தில், எந்த வகை லைசென்ஸ் உங்களுக்கு வேண்டும்? இவை தெளிவாகாமல் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள், தேவையில்லாத பாடங்களுக்கு மாதக்கணக்கில் செலவழித்துவிட்டு நிற்கிறார்கள். இல்லையென்றால், கையில் லைசென்ஸ் இருந்தும் வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த லைசென்ஸ் உங்கள் கைத்திறமைக்குத் தரும் பட்டம் இல்லை. அடுத்தவர் தோலிலும் தலைமுடியிலும் ரசாயனமும் கத்தியும் வைக்கப் போகிறவர், அவருக்குத் தீங்கு வராமல் வேலை செய்யத் தெரிந்தவரா என்பதைத்தான் அரசு பார்க்கிறது. பாடத்திட்டமும் தேர்வும் இதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மணப்பெண் அலங்காரத்தில் பெயர் வாங்கியவர் தியரியில் தோற்பதும், அனுபவமே இல்லாதவர் முதல் முறையிலேயே தேறுவதும் இதனால்தான்.

விசா முதலில்

லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. எச்-4 விசாவில் இருப்பவர் ஸ்கூலில் படிக்கலாம். ஆனால் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பாதிக்கக் கூடாது. எச்-1பி விசாவில் உள்ள கணவர் அல்லது மனைவிக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் எச்-4 இஏடிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஏற்பாடு 2015 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எல்-2 விசாவில் வந்த வாழ்க்கைத்துணைக்கு வேலை அனுமதி அந்த விசா நிலையோடே சேர்ந்து வருகிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

"வீட்டில் வைத்து நாலு பேருக்கு த்ரெட்டிங் பண்ணினால் யாருக்குத் தெரியும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கையில் காசாக வாங்கினாலும், பக்கத்து வீட்டுக்காரர் ஜெல் (Zelle) என்ற பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பினாலும் அது வருமானம்தான். அனுமதியில்லாமல் செய்த வேலை பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கேள்வியாக வந்து நிற்கும். இஏடி வருவதற்கு இன்னும் காலம் இருந்தால் அந்த இடைவெளியைப் படிப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பயிற்சியை முடித்துத் தேர்வுக்குத் தயாராகும் நேரத்தில் அட்டை வந்தால் ஒரு மாதமும் வீணாகாது.

எந்த லைசென்ஸ்?

நம் ஊரில் பியூட்டிஷியன் என்றால் த்ரெட்டிங், ஃபேஷியல், முடி வெட்டுவது, மெனிக்யூர், மேக்கப் எல்லாவற்றையும் ஒருவரே செய்வார். இங்கே சட்டம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. காஸ்மெட்டாலஜிஸ்ட் லைசென்ஸ்தான் பெரியது. முடி, தோல், நகம் மூன்றும் அதில் அடங்கும். தோல் பராமரிப்பு, ஃபேஷியல், வாக்சிங் மட்டும் போதும் என்றால் எஸ்தெட்டிஷியன் லைசென்ஸ். நகத்துக்கு மெனிக்யூரிஸ்ட் அல்லது நெயில் டெக்னீஷியன். சில மாநிலங்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கின்றன: நியூயார்க்கில் வாக்சிங்குக்கு என்றே தனி லைசென்ஸ் உண்டு, டெக்சஸில் கண்ணிமை எக்ஸ்டென்ஷனுக்குத் தனி லைசென்ஸ் உண்டு, கலிஃபோர்னியாவில் முடி வேலைக்கு மட்டுமான ஹேர்ஸ்டைலிஸ்ட் லைசென்ஸ் உண்டு.

உங்கள் வருமானம் எதிலிருந்து வரப்போகிறது என்பதை நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். முடி வெட்டுவதிலும் கலர் பண்ணுவதிலும் ஆர்வமே இல்லாதவருக்கு காஸ்மெட்டாலஜி வீண் சுமை. "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய லைசென்ஸுக்குப் போவது பெரும்பாலானவர்களுக்கு நல்ல முடிவாக அமைவதில்லை. ஃபேஷியலும் வாக்சிங்கும் உங்கள் பலம் என்றால் எஸ்தெட்டிஷியனில் தொடங்குங்கள். சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கலாம். பல மாநிலங்களில் முன்பு முடித்த பயிற்சி மணிநேரத்தில் ஒரு பகுதியைப் பிறகு பெரிய லைசென்ஸுக்குக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

த்ரெட்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெக்சஸில் ஒரு காலத்தில் நூலால் புருவம் எடுக்கவும் 750 மணிநேர எஸ்தெட்டிஷியன் பயிற்சி கேட்டார்கள். அதை எதிர்த்து த்ரெட்டிங் தொழில் செய்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015 ஜூன் மாதம் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அது பட்டேல் வழக்கு என்று அறியப்படுகிறது. கலிஃபோர்னியாவிலும் த்ரெட்டிங்குக்கு சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் விலக்கு நூலுக்கு மட்டும்தான். நூலில் சிக்காத இரண்டு முடியைப் பிடுங்க ட்வீசரை எடுத்தாலோ, மேலுதட்டுக்கு வாக்ஸ் தடவினாலோ அது லைசென்ஸ் தேவைப்படும் வேலை ஆகிவிடும். எல்லா மாநிலங்களிலும் இந்த விலக்கு கிடையாது. தோழி டாலஸில் லைசென்ஸ் இல்லாமல் த்ரெட்டிங் செய்கிறார் என்பதற்காக வேறொரு மாநிலத்தில் நீங்கள் தொடங்கிவிடாதீர்கள்.

எந்த பியூட்டி லைசென்ஸிலும் சேராத வேலைகள் உண்டு. போடாக்ஸ், ஃபில்லர் ஊசிகள் மருத்துவத் துறையைச் சேர்ந்தவை. லேசர் முடி நீக்கத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனி விதி. கலிஃபோர்னியாவில் எஸ்தெட்டிஷியன் லேசரைத் தொடக் கூடாது. மெஹந்தி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருதாணியை முடிச்சாயமாக மட்டுமே அங்கீகரித்திருக்கிறது, தோலில் போடுவதற்கு அல்ல. கறுப்பு மெஹந்தி கோன்களில் பெரும்பாலும் பிபிடி என்ற முடிச்சாய ரசாயனம் கலந்திருக்கும். அது தோலில் கொப்புளமும் நிரந்தரத் தழும்பும் உண்டாக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

மணிநேரம்: மாநிலத்துக்கு மாநிலம் வேறு

நாடு முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் வாரியம் அல்லது துறை மூலம் தனித்தனியாகத் தருகிறது. கலிஃபோர்னியாவில் பார்பரிங் அண்ட் காஸ்மெட்டாலஜி வாரியம், டெக்சஸில் டிடிஎல்ஆர் என்ற லைசென்ஸ் துறை, நியூயார்க்கில் டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட், இல்லினாயில் ஐடிஎஃப்பிஆர், ஃபுளோரிடாவில் டிபிபிஆர். அந்தந்த இணையதளத்தில் இருப்பதுதான் சட்டம். ஸ்கூல் விளம்பரத்தில் இருப்பது வெறும் விளம்பரம்.

கலிஃபோர்னியாவில் காஸ்மெட்டாலஜிக்கு முன்பு 1,600 மணிநேரம் தேவைப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல் அது 1,000. அதே சட்டமாற்றத்தில் செய்முறைத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எழுத்துத் தேர்வு மட்டும்தான். அங்கே எஸ்தெட்டிஷியனுக்கு 600, மெனிக்யூரிஸ்டுக்கு 400. டெக்சஸில் காஸ்மெட்டாலஜிக்கு 1,000, எஸ்தெட்டிஷியனுக்கு 750, நகத்துக்கு 600. நியூயார்க்கில் காஸ்மெட்டாலஜிக்கு 1,000, எஸ்தெட்டிக்ஸுக்கு 600, நகத்துக்கு 250, வாக்சிங்குக்கு 75. நியூ ஜெர்சியில் காஸ்மெட்டாலஜிக்கு 1,200, தோல் பராமரிப்புக்கு 600, நகத்துக்கு 300. இல்லினாயில் காஸ்மெட்டாலஜிக்கு 1,500, எஸ்தெட்டிக்ஸுக்கு 750, நகத்துக்கு 350. ஃபுளோரிடாவில் காஸ்மெட்டாலஜிக்கு 1,200. சட்டங்கள் சமீப ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால், சேருகிற வாரத்தில் வாரியத்தின் தளத்தில் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதை நாட்களாக மாற்றிப் பார்த்தால்தான் வீட்டு நடைமுறைக்குப் புரியும். வாரம் 30 மணிநேரம் போனால் 1,000 மணிநேரம் முடிய ஏறக்குறைய 34 வாரங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வாரம் 20 மணிநேரம்தான் முடியும் என்றால் 50 வாரங்கள், அதாவது விடுமுறைகளையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு மேல். 1,500 மணிநேரம் கேட்கும் மாநிலத்தில் அதே வேகத்தில் போனால் ஒன்றரை வருடம். கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாற்றம் வந்து வேறு மாநிலம் போக வாய்ப்பு இருந்தால், இந்தக் கணக்கைப் போடாமல் சேரவே கூடாது. பாதியில் போனால் மணிநேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், புது மாநிலம் அதில் எவ்வளவை ஏற்கும் என்பது அவர்கள் முடிவு.

ஸ்கூலுக்குப் பதிலாக அப்ரென்டிஸ்ஷிப் என்ற வழியும் சில மாநிலங்களில் இருக்கிறது. சலூனில் சம்பளத்துக்கு வேலை செய்தபடியே கற்றுக்கொள்வது. கலிஃபோர்னியாவில் அதற்கு இரண்டு வருடம், 3,200 மணிநேரம். ஸ்கூல் வழியை விட மூன்று மடங்குக்கும் மேல் என்றாலும், கட்டணம் கட்ட வசதியில்லாதவருக்கு இது உண்மையான வழி. வேலை அனுமதி இருந்தால் மட்டுமே முடியும்.

ஊரில் படித்த சான்றிதழ் எவ்வளவு உதவும்?

மாநிலங்கள் மணிநேரத்தில் பேசுகின்றன. நம் ஊர் சான்றிதழ்களில் பெரும்பாலும் "ஆறு மாத டிப்ளமா" என்றுதான் இருக்கும். சிக்கலே இங்கேதான். ஆறு மாதம் என்பது தினமும் இரண்டு மணிநேரமா, ஆறு மணிநேரமா என்று வாரியத்துக்குத் தெரியாது. தெரியாததை அவர்கள் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஊருக்குப் போகும்போதே படித்த நிறுவனத்திடம் அதிகாரபூர்வமான கடிதத் தாளில் ஒரு விவரப் பட்டியல் கேளுங்கள். சேர்ந்த தேதி, முடித்த தேதி, மொத்த மணிநேரம், அதில் தியரி எவ்வளவு, செய்முறை எவ்வளவு, பாடவாரியாக எத்தனை மணிநேரம், கையெழுத்து, முத்திரை. மூடி முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி வாங்கி, பிரிக்காமல் கொண்டுவாருங்கள். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் இதைத் திரும்பப் பெற வழியே இல்லை. தமிழில் இருக்கும் ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களே மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.

அடுத்து, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் அனுப்ப வேண்டும். நேசஸ் அமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனங்களின் அறிக்கையைப் பல மாநிலங்கள் கேட்கின்றன. எல்லா உறுப்பினர்களும் தொழிற்பயிற்சியை மணிநேரமாக மதிப்பிட்டுத் தருவதில்லை. பணம் கட்டும் முன், "மாநில காஸ்மெட்டாலஜி வாரியத்துக்காக மணிக்கணக்குடன் அறிக்கை தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாநிலங்கள் வேலை அனுபவத்தையும் ஒரு விகிதத்தில் மணிநேரமாகக் கணக்கிடுகின்றன. அதற்கு முன்னாள் முதலாளியின் கடிதம், சம்பள ரசீது அல்லது வரி ஆவணம் கைகொடுக்கும்.

நடைமுறையில், குறுகிய கோர்ஸ் படித்தவர்களுக்கு முழு மணிநேரமும் கிடைப்பது அரிது. ஒரு பகுதி கிடைத்தாலும், மிச்சத்துக்கு ஸ்கூலில் சேரும்போது அந்த ஸ்கூல் அதை ஏற்க வேண்டும். மதிப்பீட்டுச் செலவு, காத்திருக்கும் மாதங்கள் இரண்டையும் பார்த்தால், 400 அல்லது 600 மணிநேர லைசென்ஸுக்கு நேரடியாகச் சேர்ந்துவிடுவது பல நேரம் லாபம். 1,500 மணிநேரம் கேட்கும் மாநிலத்தில் மதிப்பீட்டுக்குப் போவது நியாயம்.

கல்வித் தகுதியும் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் 17 வயதும் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பும் போதும். வேறு சில மாநிலங்களும் பல ஸ்கூல்களும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் கேட்கும், அதாவது நம் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிப் பட்டம் இருந்தாலும் பள்ளி மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஸ்கூல் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மாநில வாரியம் அங்கீகரித்த ஸ்கூலில் செய்த மணிநேரம் மட்டுமே கணக்கில் வரும். வாரியத்தின் தளத்தில் பட்டியல் இருக்கும். ஸ்கூலின் பெயரும் முகவரியும் அதில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் ஸ்கூல்களில் முழு காஸ்மெட்டாலஜி கட்டணம் பல நேரம் 10,000 டாலரைத் தாண்டும். அதே பாடம் கம்யூனிட்டி காலேஜில் கணிசமாகக் குறைவு. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் பல கம்யூனிட்டி காலேஜ்கள் இதை நடத்துகின்றன. இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம், ஆனாலும் முதலில் அங்கே கேளுங்கள். கிரீன் கார்டு அல்லது குடியுரிமை உள்ளவர்கள் ஃபாஃப்சா வழியாக மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஸ்கூல் அந்தத் திட்டத்தில் இருந்தால். எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு அந்த உதவி கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். கிட் விலை கட்டணத்தில் அடங்குமா? கத்தரிக்கோல், டம்மித் தலை, ரோலர், புத்தகம் என்று அது தனியே ஒரு பெரிய தொகை. ஒப்பந்தத் தேதிக்குள் மணிநேரம் முடியாவிட்டால் கூடுதல் மணிநேரத்துக்கு எவ்வளவு வசூலிப்பார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விடுப்பு எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்ப வரும்? பாக்கி இருந்தால் மணிநேரச் சான்றை நிறுத்திவைப்பார்களா?

சேர்ந்த பிறகு மணிக்கணக்கை ஸ்கூல் மட்டும் வைத்திருக்க விடாதீர்கள். இங்கே வருகைப் பதிவு கடிகாரத்தில் அடிப்பது. பத்து நிமிடம் தாமதமானால் கால் மணிநேரம் போகும். மதிய உணவுக்கு வெளியே போகும்போது அடிக்க மறந்தால் அந்த நாளே சிக்கலாகும். மாதாமாதம் அவர்கள் தரும் அறிக்கையை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். ஸ்கூல் திடீரென்று மூடினால் உங்களிடம் இருக்கும் அந்தத் தாள்கள்தான் சாட்சி.

சுத்தம்: தேர்வின் மையப்பகுதி

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்வதால் நிறைய மதிப்பெண் போகிறது. கழுவுவது என்பது சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியும் முடி, தோல், அழுக்கை எடுப்பது. டிஸ்இன்ஃபெக்ட் செய்வது என்பது கழுவிய கருவியில் இருக்கும் கிருமிகளை ரசாயனத்தால் கொல்வது. ஆனால் ஸ்போர் எனப்படும் கிருமி வித்துகள் தப்பிவிடும். ஸ்டெரிலைஸ் என்பது அவற்றையும் அழிப்பது, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவி செய்வதுபோல. கழுவாமல் நேராக மருந்துத் தண்ணீரில் போட்டால் அழுக்கு கவசம்போல் கிருமியைக் காத்துவிடும். கழுவிவிட்டுத் துடைக்காமல் போட்டால் ஈரம் மருந்தை நீர்க்கச் செய்துவிடும்.

அதனால் வரிசை எப்போதும் இதுதான்: முடியை அகற்று, சோப்பில் கழுவு, அலசு, துடை, இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை) பதிவு பெற்ற கிருமிநாசினித் திரவத்தில் முழுதாக மூழ்கவிடு, லேபிளில் சொன்ன நேரம் காத்திரு (பெரும்பாலும் 10 நிமிடம்), கையுறையுடனோ இடுக்கியாலோ எடு, அலசு, உலர்த்து, மூடிய சுத்தமான பெட்டியில் வை. கத்தரிக்கோலின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மூழ்கியதாகக் கணக்கில்லை. நீல வெளிச்சம் எரியும் யுவி பெட்டி சுத்தமான கருவியை வைத்துக்கொள்ளும் இடம் மட்டுமே. அதில் வைத்ததால் கிருமி நீங்கிவிடாது. மர ஸ்பாட்டுலா, நகம் தேய்க்கும் சாதாரண ஃபைல், பஞ்சு, நூல் ஆகியவை ஒரு வாடிக்கையாளருக்கு ஒருமுறைதான். வாக்ஸில் ஒரே குச்சியை இரண்டு முறை முக்குவது நம் பார்லர்களில் சாதாரணமாக நடப்பது. இங்கே அது விதிமீறல்.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்பதற்குக் காரணம் உண்டு. 2000-ல் வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு நெயில் சலூனில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் வந்தன. மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமி, கால் ஊறவைக்கும் தொட்டியின் நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் சேர்ந்த முடியிலும் தோல் துணுக்கிலும் வளர்ந்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்த தொட்டிகள்தான் அவை. அதனால்தான் ஒவ்வொருவருக்குப் பிறகும் தண்ணீரை வடித்து, தொட்டியைத் தேய்த்து, மருந்தை 10 நிமிடம் சுழலவிட்டு, நாள் முடிவில் வலையையும் கழற்றித் தேய்த்து, பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள். அன்று பெடிக்யூருக்கு முன் காலில் ரேசர் போட்டிருந்தவர்களுக்குப் பாதிப்புக்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. வாடிக்கையாளர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விண்ணப்பமும் பெயர்ச் சிக்கலும்

பயிற்சி முடிந்ததும் ஸ்கூல் மணிநேரச் சான்றை வாரியத்துக்கு அனுப்பும், அல்லது உங்களிடம் தரும். நீங்கள் விண்ணப்பமும் கட்டணமும் செலுத்த வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அதற்குப் பதில் ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண்ணைக் கொடுக்கலாம். நியூயார்க்கில் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவமும் உண்டு.

தமிழர்களுக்கே உரிய ஒரு தடை பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறி. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போகும். ஸ்கூலில் சேரும் முதல் நாளே, ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே வரிசையில் எல்லாப் படிவத்தையும் நிரப்புங்கள். பழைய சான்றிதழில் வேறாக இருந்தால் பெயர் வேறுபாட்டுக்கான உறுதிமொழிப் பத்திரத்தை இணையுங்கள்.

தியரி தேர்வு

பல மாநிலங்கள் என்ஐசி என்ற மாநில வாரியங்களின் கூட்டமைப்பு தயாரிக்கும் தேர்வைப் பயன்படுத்துகின்றன. அதன் காஸ்மெட்டாலஜி தியரியில் 110 கேள்விகள். 100-க்குத்தான் மதிப்பெண், மீதி 10 சோதனைக் கேள்விகள், எவை என்று தெரியாது. நேரம் 90 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 49 நொடி. தேர்ச்சி வரம்பு மாநிலத்தைப் பொறுத்து 70 அல்லது 75. தமிழில் இந்தத் தேர்வு இல்லை. கலிஃபோர்னியா தரும் ஸ்பானிஷ், வியட்நாமிய, கொரிய, சீன மொழிகளும் நமக்கு உதவாது. ஆகவே எந்த விஷயத்தையும் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் பெயரை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். பேன் என்று தெரிந்தால் போதாது. பெடிக்குலோசிஸ் கேப்பிட்டிஸ் என்று திரையில் வரும்போது, "வேலையைத் தொடங்கக் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்" என்று உடனே தோன்ற வேண்டும்.

தேர்வு நடத்தும் நிறுவனம் தரும் கேண்டிடேட் புல்லட்டின் இலவசம். எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். பணம் கொடுத்து வாங்கும் கேள்வி வங்கிகளுக்கு முன்னால் அதை வரிவரியாகப் படியுங்கள்.

வேதியியலில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முடிக்கும் தோலுக்கும் பிஎச் 4.5 முதல் 5.5. ஹைட்ரஜன் பெராக்சைடு 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. முடியைச் சுருளாக்கும் பெர்மிங்கில் பயன்படும் தயோகிளைகோலேட்டும், முடியை நேராக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்சரும் முடியின் டைசல்ஃபைடு பிணைப்பைத் தாக்கும் விதம் வேறு. ஒன்று போட்ட முடியில் மற்றதைப் போட்டால் முடி ஒடிந்து கையோடு வரும். இந்த ஒரு தகவல் கேள்விகளில் பல வடிவங்களில் வருகிறது. முடிச்சாயத்துக்கு 24 முதல் 48 மணிநேரம் முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்மடிப்பிலோ ஒவ்வாமைச் சோதனை செய்ய வேண்டும், போன முறை ஒன்றும் ஆகாதவருக்கும்கூட. பிபிடி ஒவ்வாமை பல தடவை போட்ட பிறகும் திடீரென்று வரக்கூடியது. முடி வெட்டும் கோணங்கள்: 0 டிகிரி ஒரே நீளம், 45 கிராஜுவேஷன், 90 லேயர்.

செய்முறைத் தேர்வு இருந்தால்

உங்கள் மாநிலத்தில் இது உண்டா என்று பாருங்கள். இருந்தால், அழகான முடிவு வருகிறதா என்பதை விட வரிசை தவறாமல் செய்கிறீர்களா என்றே பார்ப்பார்கள். டம்மித் தலையில் முடி வெட்டு, சூட்டுக் கருவியால் சுருட்டல், பெர்ம் ராட் சுற்றுதல், ஃபாயில் ஹைலைட், வேர்ப்பகுதிக் கலர், ரிலாக்சர் ரீடச், ஒவ்வாமைச் சோதனை, ரத்தம் பட்டால் செய்ய வேண்டியவை ஆகியவை என்ஐசி தேர்வில் வழக்கமாக வரும். ரசாயனத்துக்குப் பதிலாக அதைப்போன்ற பாவனைப் பொருளைத்தான் பயன்படுத்துவீர்கள்.

தோல்விக்கு வழக்கமான காரணங்கள் சிறியவை. பையில் லேபிள் இல்லை, அல்லது ஆங்கிலத்தில் இல்லை. சீப்பு கீழே விழுந்ததும் எடுத்து அப்படியே தொடர்ந்தார். அதை டிஸ்இன்ஃபெக்ட் செய்ய வேண்டியவற்றின் பையில் போட்டு, கையைச் சானிட்டைஸ் செய்து, வேறு சீப்பை எடுத்திருக்க வேண்டும். நடுவில் தன் முகத்தையோ முடியையோ தொட்டார். கழுத்தில் ஸ்ட்ரிப் இல்லாமல் கேப் நேரடியாகத் தோலில் பட்டது. ரிலாக்சரைப் பழைய பகுதி மேல் ஏற்றிவிட்டார். ரீடச் என்றால் புதிதாக வளர்ந்த பகுதியோடு நிறுத்த வேண்டும், உச்சந்தலைத் தோலிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தொடங்க வேண்டும். ரத்தப் பகுதியில் கையுறை போடும் முன் காயத்தைத் தொட்டார். வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லியபடி செய்யுங்கள். யாராவது ஒருவர் புல்லட்டினைக் கையில் வைத்துக்கொண்டு விடுபட்டதை மட்டும் குறிக்கட்டும்.

லைசென்ஸ் கைக்கு வந்த பின்

தனிநபர் லைசென்ஸ் உங்களை வேலை செய்ய அனுமதிக்கிறது. கடை திறக்க அனுமதிப்பது எஸ்டாப்ளிஷ்மென்ட் லைசென்ஸ் என்ற வேறொன்று. வீட்டின் ஒரு அறையில் தொடங்க விரும்பினால் அதோடு நகராட்சியின் மண்டல விதியும் வீட்டுச் சங்கத்தின் விதியும் சேரும். பல இடங்களில் தனி வாசலும் தனிக் கழிவறையும் கேட்பார்கள்.

சலூனில் சம்பளத்துக்குச் சேர்ந்தால் மாதம் 20 டாலர் அல்லது அதற்கு மேல் வரும் டிப்ஸை முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். இருக்கை வாடகைக்கு எடுத்தால் நீங்கள் சுயதொழில் செய்பவர்: நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு, வருமான வரி அதற்கு மேல். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விட்டால் அபராதம் வரும். காலாண்டுக்கு ஒருமுறை கட்டுங்கள். பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் ஒரு வாக்சிங்கூடச் செய்யாதீர்கள். ரெட்டினால் கிரீமோ முகப்பரு மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வாக்ஸோடு தோலும் உரிந்து வரும். ஆகவே கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கும் படிவம் உங்கள் மேஜையில் எப்போதும் இருக்கட்டும்.

புதுப்பிக்கும் காலம் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இரண்டு வருடம், நியூயார்க்கில் நான்கு. சில மாநிலங்கள் தொடர்கல்வி மணிநேரம் கேட்கும். இல்லினாயில் குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களை அடையாளம் கண்டு உதவும் பயிற்சியையும் 2017 முதல் அதில் சேர்த்திருக்கிறார்கள். முகவரி மாறினால் வாரியத்துக்குத் தெரிவியுங்கள். நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால் லைசென்ஸ் காலாவதியானது என்ற காரணத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

வேறு மாநிலம் போவதானால், கிளம்பும் முன் லைசென்ஸ் உயிரோடு இருக்கும்படி புதுப்பித்துவிடுங்கள். காலாவதியான லைசென்ஸை மாற்றுவது பல மடங்கு கடினம். பழைய வாரியத்திடம் லைசென்ஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டு விண்ணப்பித்தால், அதைப் புதிய வாரியத்துக்கு அவர்களே நேராக அனுப்புவார்கள். 1,000 மணிநேர மாநிலத்திலிருந்து 1,500 கேட்கும் மாநிலத்துக்குப் போகும்போது குறையும் மணிநேரத்தை வேலை அனுபவத்தால் ஈடுகட்ட சில இடங்களில் வழி உண்டு. அதற்கு ஆதாரமாக முதலாளி தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவங்களும், இருக்கை வாடகை ஒப்பந்தமும், சுயதொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி வரித் தாள்களும் தேவைப்படும் என்பதால் எதையும் எறியாமல் வருடவாரியாக ஒரு கோப்பில் வைத்திருங்கள்.